இருநூற்றுப் பன்னிரண்டாம் சில்லு

நானூற்றுப் பதினாறு வரைபடச் சில்லுகள்
ஒரே கோப்புறையில் கொட்டிக் கிடந்தன.
வெளியே காஸ்த்ரோ நகரத்து மழை.
எட்டு மாதமாகிறது நான் சிலோயே தீவுக்கு வந்து,
இந்த மழைக்கு நேரம் காலம் கிடையாது.
யெசேனியா அடுப்புக்குள் இன்னொரு கட்டையைத் திணித்துவிட்டு
"இன்றைக்குள் ஒரே அடுக்காக்கிவிடு" என்றாள்.
குடிநீர் வாரியம் கேட்கிறது.
கூரைகளை எண்ணுவார்கள்.
கூரைக்கு ஒரு குழாய்.

ஒவ்வொரு சில்லுக்கும்
தன் நான்கு மூலைகள் பூமியில் எங்கே என்று தெரியும்.
அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.
பக்கத்துச் சில்லில் தொடரும் சாலையைப் பற்றியோ
இடுப்போடு வெட்டுப்பட்டு நிற்கும் மாட்டைப் பற்றியோ
அதற்குக் கவலையில்லை.

முதலில் கறுப்பு ஓரங்களை ஒழித்தேன்.
இந்தக் கறுப்புக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள் என
மென்பொருளிடம் சொல்லிவைக்க வேண்டும்.
சொல்லாவிட்டால்
இல்லாததை வரைந்து இருப்பதை மூடிவிடும்.
(எங்கள் அலுவலகத்திலேயே அப்படி இருவர் உண்டு.)
சொன்னேன்.
தார் பூசிய இரண்டு படகுகளும் சேர்ந்தே மறைந்தன.
அவற்றை மீட்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

கிழக்குத் தீவைப் பிப்ரவரி பதினான்கில் எடுத்திருந்தார்கள்,
மேற்குத் தீவை இருபத்திரண்டில்.
நடுவிலிருந்த நீரை முதல்நாள் மேகம் மறைத்ததால்
பதினேழில் விமானம் மறுபடி போயிருந்தது.
பட்டியலில் பின்னால் வருவது மேலே படியும்.
இயக்கினேன்.
ஒன்பது நிமிடம்.

கடல் மூன்று நீலங்களில் வந்து நின்றது.
அதைச் சமன்செய்யப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டது:
கிழக்கே, புல்வெளி விளிம்பில், மஞ்சள் தகரக் கூரை,
தென்மூலையில் செருப்பு வடிவில் துரு.
மேற்கே, ஆப்பிள் மரங்களுக்குக் கீழே,
அதே மஞ்சள்.
அதே செருப்பு.

"ஒரே சில்லை இரண்டு முறை சேர்த்திருப்பாய்" என்றாள் யெசேனியா.
எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.
இல்லை.

வாரியத்தின் பட்டியலில் பெயரைத் தேடி அழைத்தேன்.
எர்மிந்தா நவெல்கின்.
காற்றடிக்கும் இடத்தில் நின்று பேசினாள்.
"நாங்கள் வீடு மாறிவிட்டோம்."
சாமான்களையெல்லாம் கொண்டுபோனீர்களா?
"எதற்கு?
வீட்டையே கொண்டுவந்துவிட்டோம்."

நான் அந்தோஃபகஸ்தாக்காரன்.
எங்கள் பாலைவனத்தில்
வீடு நிற்கிற இடத்தில் நிற்கும்.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.
கிணறு இரண்டு கோடையாக வற்றிக் கிடந்தது.
ஐந்து ஜோடி மாடுகள், உருளைக்கு மரங்கள், அறுபது பேர்.
கரைவரை இழுத்து, நீரேற்றத்துக்குக் காத்திருந்து,
மிதவைகள் கட்டிக் கடலில் விட்டார்கள்.
அறுபது பேருக்கும் அன்று அவள் வீட்டுச் சாப்பாடு.
"அலமாரியை மட்டும் இறக்கவில்லை.
ஒரு கோப்பைதான் உடைந்தது."

எந்தத் தேதி?
"பதினேழு. தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று.
என் தம்பி தொப்பியைக் கழற்றி ஆட்டினான்."

இருநூற்றுப் பன்னிரண்டாம் சில்லைத் திறந்தேன்.
வெறும் நீர் என்று பார்க்காமலே சேர்த்த சில்லு.
நான்கு படகுகள்,
நூலிழைபோல் நான்கு கயிறுகள்,
பின்னால் மஞ்சள் கூரை,
சன்னல் விளிம்புவரை நனைந்து
வீடு போய்க்கொண்டிருந்தது.
முதல் படகில் ஐந்தாறு புள்ளிகளில் ஒரு கை,
கையின் முனையில் இரண்டு புள்ளிகள் பழுப்பு.

யெசேனியா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.
அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது,
யாரும் எழவில்லை.

கடலுக்குப் பழைய படத்தைப் போட்டுவிடலாம் என்றாள் பிறகு,
அவளுக்கே மனமில்லாத குரலில்.
போடவில்லை.
அடுக்கு அப்படியே இருக்கட்டும்.
கூரைகளின் பட்டியலில் கிழக்குப் புள்ளியை அழித்தேன்.
மேற்கில் ஒன்று வைத்தேன்.
கடலில் இருந்ததை அழிக்கப் போய், நிறுத்தி,
குறிப்பு என்ற கட்டத்தில் தட்டினேன்:
'கரைசேர்ந்துவிட்டது. இங்கே குழாய் வேண்டாம்.'