கடைசி சிங்கிள்

காலை ஆறு ஐம்பது வண்டியிலேயே
சேதி ஏறிவிட்டது.
தீர்த்தகிரியை நிறுத்திவிட்டார்களாம்.
ஒரு வருஷம். ஆட்டமும் கிடையாது, ஹாஸ்டலும் கிடையாது.

அதகபாடியில் தொற்றிய பாலிடெக்னிக் பையன்கள்
படியில் தொங்கிக்கொண்டே தீர்ப்பைத் திருத்தினார்கள்.
'கோவம் இல்லாதவன் கோல் அடிப்பானாடா?'
'சேலத்துக்காரன் பார்த்த வேலை,
அரையிறுதியில இவன் இருக்கக் கூடாதுன்னு.'
'பிரின்சிபால் ரூம் கண்ணாடிய ஒடைக்கணும்.'
உள்ளே போங்க, உள்ளே போங்க என்றேன்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் நான் யோக்கியன் இல்லை.
ஓசூர் கல்லூரியை மூன்றுக்கு இரண்டில் அடித்த அன்று
டூட்டி மாற்றிக்கொண்டு போய்
இந்தச் சர்க்கார் விசிலைக்
கன்னம் வலிக்க ஊதினேன்.
மூன்றாவது கோல், இடது கால்.
தொப்பூர்க் கணவாயில் லாரி திரும்புகிற மாதிரி
பந்து திரும்பியதை
டிரைவர் சென்னகேசவனுக்கு
எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

பத்து மணி வண்டியில் தக்காளிக் கூடைகள்.
'அடிச்சது யாரையாம்?' என்றாள் காவேரியம்மா.
கொஞ்ச தூரம் இன்ஜின் மட்டும் பேசியது.
பிறகு கடைசி சீட்டிலிருந்து,
'மெஸ்ஸுல சாம்பார் ஊத்தற பையன.'
'பேரு?'
'தெரியல.'
'எதுக்கு?'
'ரெண்டாவது முட்டை கேட்டிருக்கான், இல்லைன்னுட்டான்.'
'ஒரு முட்டைக்கா!'
அவளுக்கு ஆஃப்சைடு தெரியாது.
கட்டணமில்லாச் சீட்டை நாலாக மடித்துக்
காதோரம் சொருகிக்கொண்டு
வழியெல்லாம் கூடையைப் பிடித்தபடியே வந்தாள்.

மதியம் நாலு ரோடு டீக்கடை.
'ஒரு வருஷம் பத்தாது, உள்ளே தள்ளணும்'
என்றார் புளி மண்டிக் கணக்குப்பிள்ளை.
போன வாரம் வரை கல்லாப்பெட்டிக்கு மேலே
அவன் படம் ஒட்டியிருந்தவர்.
இப்போது அந்த இடத்தில் பசை காய்ந்த சதுரம்.
'பாவம், ஏழைப் பையன், வாழ்க்கை போச்சே' என்றார் இன்னொருவர்.
எந்த ஏழைப் பையன் என்று
நான் கேட்கவில்லை.
டீ ஆறிப்போயிருந்தது.

மூன்று மணிக்கு, சோகத்தூர் தாண்டும்போது,
அது வந்தது.
போன செவ்வாய்க்கிழமை.
ஜன்னலோரம் ஒரு பையன்,
இடது காதில் பஞ்சு.
எங்கப்பா என்றேன். பதில் இல்லை.
எங்க என்றேன்.
'செவிடாடா நீ? டிக்கெட் எடுக்காம ஏமாத்தறியா?'
வண்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
அவன் பாதி எழுந்து
அடுத்த காதை என் பக்கம் திருப்பி,
'இண்டூருங்க' என்றான்.
சரியான சில்லறை.
வெகுநேரம் கைக்குள் வைத்திருந்திருக்கிறான்,
நாணயங்கள் சூடாக இருந்தன.

பஞ்சு வைத்தவர்கள் ஆயிரம் பேர் ஏறுவார்கள்.
இருக்கலாம். அவனாக இல்லாமலும் இருக்கலாம்.
மிச்சச் சிங்கிள் முழுக்க
இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது நாற்பது. கடைசி வண்டி.
தகரப் பெட்டி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூட்ஸ்.
தீர்த்தகிரி ஏறினான்.
கண்ணாடி உடைக்கக் கிளம்பியவர்களில் இரண்டு பேர்
செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்தார்கள்.
'தீர்த்தா, நாங்க இருக்கோம்' என்றது ஒரு குரல்.
நகர்ந்து இடம் விடவில்லை.

கோப்பையோடு வந்த இரவில்
இவனிடம் நான் காசு வாங்கவில்லை,
என் சட்டைப்பையிலிருந்து பைக்குள் போட்டேன்.
அந்த ஞாபகத்தில் சிரிக்கப் பார்த்தான்.
கை பாக்கெட் பக்கம் போகவில்லை.

'எங்கப்பா?'
'அண்ணே...'
'எங்க?'
அவனுக்கு நன்றாகவே கேட்டது.
'பென்னாகரம்.'

சீட்டைக் கிழித்தேன்.
பெட்டிக்கும் லக்கேஜ் போட்டேன்.

இண்டூரில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.
நிறுத்தச் சொன்னேன்.
மூடிய கடைகள், ஒரு ட்யூப்லைட், படுத்திருந்த நாய்.
சென்னகேசவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
விசில் வாயில்தான் இருந்தது.
ஊதக் கொஞ்ச நேரம் பிடித்தது.