ஒரு தசம இடம் வரை

மார்ச் இருபத்தொன்பது.
ஏகாம்பரகுப்பத்து விசைத்தறிச் சத்தம்
ஜன்னல் வழியே வந்து
மேசைக் கண்ணாடியை நடுக்குகிறது.
படிவம் எங்கிருந்தோ வந்திருக்கிறது,
நாற்பது நாடுகளுக்கும் ஒன்றே:
பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்குச் செலவிட்டது,
மில்லியன் டாலரில்,
ஒரு தசம இடம் வரை.

பொறியியல் நிரப்பினேன். வேளாண்மை நிரப்பினேன்.
கடைசி வரிசையில்
மொழியும் வரலாறும் கலையும்
ஒரே கட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன,
பஸ் படியில் போல.

கோப்பில் ஒரே ஒருத்தி. லோகேஸ்வரி.
நகரிச் சந்தையில்
யார் எந்த மொழியில் எண்ணுகிறார்கள் என்பது
அவள் ஆய்வு.
புத்தூர் பஸ், பதினோரு முறை.
பேட்டரி. நகல்.
பள்ளிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ, ரசீது இல்லை.
தகவல் தந்தவர்களுக்குத் தேநீர், முப்பத்துநாலு.

தேநீரை நான்தான் சிவப்பில் சுழித்தேன்:
ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பு விளக்கப்படவில்லை.

விளக்கினாள், ஒரு முழுப் பக்கம்.
கேட்டால் எல்லோரும் தெலுங்கில்தான் என்கிறார்கள் சார்,
சர்க்கார் பள்ளியில் படித்தது அது.
டீயை ஒரு கையில் வாங்கி
மறு கையால் சில்லறை பொறுக்கும்போதுதான்
உதடு உண்மையைச் சொல்கிறது.

அதைக் கொண்டுவந்த அன்று
நான் கூட்டுவதைப் பார்த்து நின்றவள்
நோட்டில் ஏதோ குறித்தாள்.
தலைகீழாகப் படித்தேன்:
ஆண், ஐம்பத்துநாலு, கணக்குப் பிரிவு.
கூட்டல் தமிழ். கழித்தல் தெலுங்கு.

எரிச்சலாக வந்தது.
வீட்டில் பால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
சரிதான்.

மொத்தம் நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது.
டாலரில் ஐந்நூறுக்குக் கொஞ்சம் கீழே.
மில்லியனில்
சுன்னா, புள்ளி, சுன்னா, சுன்னா, சுன்னா,
அப்புறம்தான் ஓர் ஐந்து
தயங்கித் தயங்கி வருகிறது.
அதற்குள் கட்டம் முடிந்துவிடுகிறது.
0.0 என்று இட்டேன்.
பச்சை டிக் விழுந்தது.

வேலையற்றுப் பெருக்கிப் பார்த்தேன்:
கடைசிச் சுழி ஒன்றாக
நூற்றிரண்டு லோகேஸ்வரிகள் வேண்டும்.
பெருக்கியது எந்த மொழியில் என்று
கவனிக்க மறந்துபோனேன்.

சாயங்காலம் கேட் எதிரே கடையில் நின்றிருந்தாள்.
ரெண்டு, என்றேன், விரல் காட்டி.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
ரெண்டு
இந்தப் பக்கமும் ரெண்டு,
அந்தப் பக்கமும் ரெண்டு.
இதை எந்தப் பத்தியில் எழுதுவாய் என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.
அதற்குத்தான் சார்
இன்னும் ஒரு வருஷம் கேட்டிருக்கேன்.
உங்க மேசையிலதான் இருக்கு.

மூக்குக்கொண்டை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
காசு நான் கொடுத்தேன்.
ரசீது கேட்கவில்லை.