நாலு அங்குலம்

குருநகர் ஐஸ் கொம்பனிக்குள்
காலமை ஐந்தரைக்கு
செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன்.
நிலமெல்லாம் ஈரம். அமோனியா நெடி.
தம்பி அருள்சீலன் கொக்கியால் இழுத்துவந்து
ஒரு பாளத்தை முன்னால் நிறுத்துகிறான்.
"பார் அக்கா, உன்ர கனடா."

சிரிக்கத்தான் செய்தேன்.
நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரி வீதியில்
படம் பார்த்த பெடியனும்
(டொக்ரர்தான், ஆனாலும் பெடியன்)
சிரிக்கத்தான் முயன்றான்.
முதுகெலும்பில். பிறகு ஈரலில்.
பதினாலு மில்லிமீற்றர், ஒன்பது, இன்னுமொரு ஒன்பது.
"முந்தி எப்ப வந்தது?" என்றான்,
விருந்தாளியை விசாரிப்பதுபோல.

எட்டு வருசம்.
இடது முலையோடு போய்விட்டதென்று
நானா சொன்னேன்?
அவர்கள்தான் கடதாசியில் எழுதித் தந்தார்கள்.

அந்த மாரியில்தான் சிம்கோ ஏரிக்கு முதலில் போனது.
மயிர் முளைக்காத தலைக்கு இரண்டு தொப்பி.
பக்கத்து வீட்டு மிஸ்டர் பே,
பஸ் ஓட்டி ஓய்ந்த கொரியர்,
கவிழ்த்த வாளியொன்றைக் காட்டி "இரு" என்றார்.
பெட்டை கால் வைத்தால் வலை வெறுமை என்று
அப்பு ஒருநாளும் வள்ளத்தில் ஏற்றாதவள்
கரை தெரியாத தண்ணீருக்கு மேல்
சும்மா நடந்து போனேன்.
இராயப்பர் அமிழ்ந்த கதையைப்
பூசையில் கேட்டு வளர்ந்தவள்;
நான் அமிழவில்லை.

நாலு அங்குலம் இருந்தால் ஆள் தாங்கும்.
மிஸ்டர் பேயின் ஆங்கிலத்தில்
எனக்கு முதலில் விளங்கிய வசனம்.
கண்ணாடிபோல் கறுத்த ஐஸ் நல்லது.
வெள்ளையை நம்பாதே, பாதிதான் பலம்.
வெடித்துக் குமுறினால் பயப்படாதே,
அது வளருகிற சத்தம்.
சத்தமில்லாமல் கிடந்தால்
பங்குனி வந்துவிட்டது, எழும்பி ஓடு.

முதன்முதல் அது குமுறியபோது
முகங்குப்புற விழுந்து காதைப் பொத்தினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
தூண்டிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு
நான் எழும்பும்வரை பிடித்திருந்தார்.

துளை போட்டால் துளை மூடும்.
பத்து நிமிசத்துக்கு ஒருக்கா
பலகாரம் சுடவென்று கொண்டுபோன கண்ணகப்பையால்
ஐஸ் நொய்யை அள்ளி எறியவேண்டும்.
அள்ள அள்ள விளிம்பிலிருந்து
தோல் கட்டிக்கொண்டு வரும்.
எட்டு மாரி அள்ளினேன்.
மீனா? சில நாள் மூன்று. பல நாள் இல்லை.
"கடையில விக்குதே அம்மா" என்பாள் மகள்.

பாளத்தைச் சுற்றி நடக்கிறேன்.
ஓரமெல்லாம் தெளிவு,
அந்தப் பக்கம் வைத்த என் விரல் தெரிகிறது.
நடுவில் மட்டும்
மேலிருந்து கீழ்வரை வெள்ளையாய் ஒரு தண்டு.
"அது என்னடா?"
"வெளியிலயிருந்துதான் அக்கா உறையும்.
தண்ணிக்குள்ள கிடக்கிற உப்பு, காத்து எல்லாம்
நடுவுக்குத் தள்ளுப்பட்டுக்
கடைசியா அங்கதான் இறுகும்."
நேற்றுப் படத்திலும் வெள்ளைதான்.
அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

விறைக்கும்வரை உள்ளங்கையை வைத்திருந்தேன்.
பிறகு காதை வைத்தேன்.
பொறியடியில் நின்ற பெடியள் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
வளர்ந்து முடிந்த ஐஸ்.
கொக்கி திரும்ப வந்தது.
அரைபட்டுக் கணவாய்ப் பெட்டிகளுக்குள் போனது,
கொழும்பு லொறிக்கு.

வாடை இன்னும் தொடங்கவில்லை.
ஆறு மணிக்கே வீதி சுடத் தயாராகிறது.
தெல்லிப்பளையில் கேட்பதற்கென்று
இரவு மூன்று கேள்வி எழுதினேன்.
முதலிரண்டும் எல்லோரும் கேட்பவை.
மூன்றாவது:
மாசி மாதம், வாளியொன்றில்,
நாலு மணித்தியாலம் இந்த முதுகு இருக்குமா?

அங்கே நேற்றிரவு எட்டரை.
மிஸ்டர் பேக்கு எழுதினேன்:
என்ர வாளியை ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம்.

மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதில் வந்தது:
இன்னும் தண்ணீராய்த்தான் கிடக்கு.