ஐஸ் கணக்கு நோட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பார், வண்டி எண், பாக்கி.
திருப்பிப் பிடித்தால்
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
பென்சிலில் எழுதியது, பேனாவில் அடிப்பது.

தடைக்காலம்.
மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்ரசர் ஓடுகிறது,
வள்ளக்காரர்களுக்கு அது போதும்.
இரவும் வால்வும் என் பொறுப்பு.

மெஷின் சத்தத்தில் வசனம் கேட்காது.
அதனால் ஊமைப் படங்களை முதலில் முடித்தேன்.
பிறகு கீழே எழுத்து ஓடுபவை.
எந்த தேசத்து ஆட்களும்
அம்மோனியா வாசத்தில்தான் காதலித்தார்கள்.

முப்பத்தொன்பது:
ஓர் எருமை பனியில் நிற்கிறது. பதினொரு நிமிடம்.
தூங்கிவிட்டேன்.
தூங்கியதை அடிப்பது கள்ளக் கணக்கு,
மறுநாள் மறுபடி போட்டேன்.
எட்டாவது நிமிடத்தில் காதை அசைத்தது.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அறுபத்தெட்டு:
புயல். சுக்கானைப் பிடித்தபடி ஒருவன் அழுகிறான்.
பார் தள்ளும் களஞ்சியம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து,
"பாய் கச்சான்ல பொடைக்குது,
நுரை வாடைல ஓடுது.
தொட்டித் தண்ணிடா இது" என்றான்.
கொஞ்சம் நின்று,
"அழுகை நெசந்தான்."

நூற்று மூன்று எங்கும் இல்லை.
பிரதி எரிந்து எத்தனையோ வருடம்.
மிஞ்சியது ஒரு புகைப்படம்:
ரயிலடியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்து ஒருவன்.
யாரைக் கண்டு கழற்றினான்?
அடிக்கவில்லை.
பாக்கி என்று எழுதினேன்.

சில இரவுகளில் போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
வேறு நாட்டுக்கு வந்திருக்கிறாய், வருக என்கிறது.
படம் வட்டமாய்ச் சுற்றி நின்றுவிடும்.
போனைத் தலைக்குமேல் தூக்கி
மேற்குச் சுவரோரம் ஓடுவேன்,
இந்தியாவுக்கு.

ஒரு பார் உறையப் பதினெட்டு மணி நேரம்.
ஓரத்திலிருந்து உள்ளே இறுகி
நடுவில் வெள்ளையாய் ஒரு கோடு
கடைசியில்தான் மூடும்.
சில படங்களில் அந்தக் கோடு
ஒரு வாரம் கழித்து,
பல் தேய்க்கையில் மூடியது.

ஜூன் பதினான்கு, நள்ளிரவு.
நூற்று அறுபது ஓடிக்கொண்டிருந்தது.
ஒருத்தி நான்கு மாடி ஏறி
ஒரு கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள்.
வெளியே ஹாரன்.
"சகுபரு! நூத்தம்பது பாரு!"

அதற்குப்பின் ஒரு படமும் இல்லை.
ஆடி பிறந்துவிட்டது,
முன்பக்கக் கணக்கு வளர்ந்து
பின்பக்கத்தை முட்ட இன்னும் ஆறு தாள்.
போனைத் திறந்தால்
அவள் தூக்கிய கையோடு அங்கேயே நிற்கிறாள்.
உள்ளே யார் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்றைக்குக் கை காய்ந்த ஐந்து நிமிடத்தில்
எடுத்துப் பார்த்தேன்.
சார்ஜ் நான்கு சதவீதம்.