ஹெல்மெட்டுக்குள்

பெக்காசியிலிருந்து ஜகார்த்தா
முப்பத்தொரு கிலோமீட்டர்.
காளிமாலாங் கால்வாய் கூடவே வரும்,
பேச்சுக் கொடுக்காது.

முதலில் நம்பர் பிளேட்டுகளைக் கூட்டுவேன்.
முன்னால் போகிறவனுக்கு ஒன்பது வந்தால்
இன்று மழை இல்லை.
வராவிட்டால் அடுத்த வண்டி.
வானிலை அறிக்கையே இப்படித்தான் தயாராகிறது
என்பான் ஹெர்லாம்பாங்.

அப்புறம் மேனேஜரோடு சண்டை.
'ஐயா, அந்தக் கணக்கில் விழுந்த ஓட்டை என்னுடையதில்லை.'
சரியில்லை.
'ஐயா'வை எடுத்துவிடு.
ஹலீம் தாண்டுவதற்குள்
வாக்கியம் தீட்டியாகிவிடும்,
கண்ணாடியில் மூச்சு படிந்திருக்கும்.
அலுவலகத்தில் நுழைந்ததும்
'காலை வணக்கம், ஐயா' என்கிறேன்.
நாலு வருடமாக.

நேற்று சாயங்காலம் சிக்னலில்
சிவப்பு, நூற்றுப் பதினெட்டு நொடி.
பக்கத்தில் பச்சை ஜாக்கெட் போட்ட பெண்,
பின் சீட்டில் யாருக்கோ போகிற நூடுல்ஸ்.
ஹெல்மெட்டுக்குள் வாய் ஓயாமல் அசைகிறது.
ஒற்றை விரலால்
பெட்ரோல் டேங்க்கைக் குத்திக் குத்திப் பேசுகிறாள்.
போன் இல்லை. காதில் ஒன்றுமில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.
கண்ணாடியை மேலே தள்ளினாள்.
'யாரோடு?' என்றேன்.
'வீட்டுக்காரன்.'
'யார் ஜெயிக்கிறது?'
'இப்போதுதான் அழ ஆரம்பித்தான்.'

பச்சை.
பின்னாலிருந்து ஐம்பது ஹாரன்.
இடது பக்கம் திரும்பிப் போனாள்.
அவள் வண்டி எண்ணைக் கூட்டினேன்:
எட்டு.
கையுறையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.
பரவாயில்லை,
ஒன்பது என்று வைத்துக்கொண்டேன்.