எந்த மரக்கால்

எங்கள் கணக்கு தலைகீழ்.
ஒன்று உச்சி. நான்கில் தலை தப்பும்.
ஐந்து என்றால் போய் வா.
ஹாலே நகரத்தில், தேர்வு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்,
பதினோரு வருடமாக
இந்த எண்களைத் தட்டச்சு செய்கிறேன்.
இலக்கங்களுக்கு நடுவே புள்ளி வைப்பதில்லை நாங்கள்,
காற்புள்ளிதான்.
எண்கூட இங்கே
ஒரு மூச்சு நின்றுதான் போகிறது.

சட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் வேறு ஏணி.
பதினெட்டுப் படி. மேல்படிகளில்
தூசிதான் குடியிருக்கிறது.
போன கோடையில் வீப்கே என்றொரு பெண்
ஒன்பது வாங்கிவிட்டு
என் சன்னல் முன்னாலேயே குதித்தாள்.
அவுரிக்கில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.
"பதினெட்டுக்கு ஒன்பதா?" என்றது மறுமுனை.
"பரவாயில்லை கண்ணு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்."
அவள் சிரித்த சிரிப்பில்
வரிசையில் நின்ற உயிரியல் பையன் திரும்பிப் பார்த்தான்.
அவன் கையில் 1,3.
கண் சிவந்திருந்தது.
அவன் கூட்டாளிகள் எல்லாருக்கும் 1,1 ஆம்.

எனக்கு என்ன கிடைத்ததென்று யாரும் கேட்டதில்லை.
நானே சொல்கிறேன்: 1,0.
பேச ஆளில்லாமல் போன ஒரு மொழியில்
களிமண் பலகைகள் படித்தேன்.
பெரும்பாலும் வாற்கோதுமைக் கடன்கள்.
இன்னார் இன்னாருக்கு இவ்வளவு,
அறுவடைக்குப் பின் திருப்பித் தரவேண்டியது.
துறையில் நாங்கள் மூன்றே பேர்.
பேராசிரியர் லுட்விகென் மூவருக்கும் ஒன்றே போட்டார்,
எங்கள் படிப்பைக் கண்டா,
துறையை இழுத்து மூடிவிடுவார்கள் என்ற பயத்திலா,
இன்றுவரை தெரியாது.
ஒரே ஒரு வினைச்சொல்லோடு
விடியும்வரை நான் மல்லுக்கட்டியது
பொய்யில்லை.
துறையை மறுவருடமே மூடிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஹென்னிங் வந்தான். இயந்திரவியல்.
வெப்ப இயக்கவியலில் இரண்டு முறை விழுந்தவன்.
மூன்றாம் முறையும் விழுந்திருந்தால்
இந்த நாட்டில் எங்கேயும் அந்தப் படிப்பு
அவனுக்குக் கிடையாது.
சான்றிதழை என் மேசையில் வைத்தான்.
மொத்த மதிப்பெண் 1,3.
"இது என்னுது இல்லை."

திரையில் தேடினேன். 3,1.
காற்புள்ளியின் இந்தப் பக்கம் இருந்தது
அந்தப் பக்கம் போயிருந்தது,
என் விரல் செய்த உபகாரம்.

"பேசாம இருந்திருக்கலாமே."
வாய்தவறிச் சொல்லிவிட்டேன், சொல்லக்கூடாது.
அவன் காலணியிலிருந்து பனி உருகி
தரையில் குட்டையாகிக்கொண்டிருந்தது.
"மூணு குளிர்காலம் ஆச்சுங்க அதுக்கு.
இதைப் பார்த்தா
யாரோ லேசா வாங்கின மாதிரி இருக்கு."

புதிதாக அச்சிட்டேன். அதே தடித்த தாள்,
வீப்கேவுக்குக் கொடுத்தது, அழுத பையனுக்குக் கொடுத்தது,
எடையில் ஒரு கிராம் கூடக் குறைய இல்லை.
சூடு ஆறும் முன்பே வாங்கிக்கொண்டான்.
கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நாலு பேர்
3,1-க்காக ஒரு பாட்டிலோடு நின்றிருந்தார்கள்.
தக்கை பறந்த சத்தம்
இரண்டாம் மாடிவரை கேட்டது.

அன்றைக்கு டிராமில்தான் ஞாபகம் வந்தது.
அந்தப் பலகைகளில்
கடனின் அளவோடு நிறுத்த மாட்டார்கள்.
எந்தக் கோயிலின் மரக்காலால் அளந்தது,
தலை தட்டி அளந்ததா, குவித்து அளந்ததா,
அதையும் ஈர மண்ணில் குத்தி வைப்பார்கள்.
இல்லையென்றால் வழக்கு வரும்,
முப்பது என்பது முப்பதில்லை என்று
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பெயர், பிறந்த தேதி, துறை,
அப்புறம் இரண்டு இலக்கம்.

மறுநாள் எட்டு மணிக்கு சன்னலைத் திறந்தேன்.
முதலில் நின்றவள் ஒரு டிராம்போன் பெட்டியைத்
தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.
காற்புள்ளியை
இருமுறை பார்த்துவிட்டு
அழுத்தினேன்.