புதன்கிழமை

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
பிரின்ஸ் ஆல்பர்ட், உக்ரேனிய மன்றத்தின் நிலவறை.
எட்டுப் பேர், எட்டு மடிக்கணினி,
ஒரு பெரிய தட்டில் பெரோகி.
வெங்காயம் கருகியிருந்தது. யாரும் சொல்லவில்லை,
ஓரெஸ்டின் மனைவி ஹாலினா செய்தது.

தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தோம். எனக்கு ஏழாவது இடம்.
ஓரெஸ்ட் முதலில் எடுத்தது
ஊரே எடுக்கிற ஆளைத்தான்.
நாப் லாஃப்ரம்புவாஸ் அடுத்த நட்சத்திரத்தை.
எல்லோரும் போன வருஷத்துக் கோல் கணக்கைத் தடவிக்கொண்டிருக்க
நான் ஆட்ட அட்டவணையை விரித்தேன்,
நாலு நிறத்தில் கோடு போட்டது.
சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இருபத்திரண்டு வருஷமாக
ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஷிப்ட் போடுகிறவள் நான்.
ஒருத்தி எவ்வளவு கெட்டிக்காரி என்பது
இரண்டாவது கேள்வி.
எந்த ராத்திரி வருவாள்?

ஹாக்கியும் அப்படித்தான்.
செவ்வாய், வியாழன், சனி என்றால்
எல்லா அணியும் ஒன்றாகக் களத்தில் இறங்கும்.
பந்தியில் இலை ஒன்பது, வந்தவர் பதினாலு.
மிச்ச ஐந்து பேர் உங்கள் பெஞ்சில் இருந்தபடியே
எங்கோ கோல் அடிப்பார்கள்,
உங்கள் கணக்கில் ஒன்றும் ஏறாது.
திங்களும் புதனும் பாதி அரங்கம் இருட்டு.
அன்றைக்கு ஆடுகிற எவனும்
ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ.

ஆகவே பதினொன்றாம் சுற்றில் யார்னோ விர்க்குலா.
மூன்றாம் வரிசை, இடது ஓரம், முன்பல் இரண்டு கிடையாது.
"யாரு அது?" என்றான் நாப்.
"புதன்கிழமை" என்றேன்.

கோல்கீப்பரிலும் பெரிய பெயருக்குப் போகவில்லை.
அடுத்தடுத்த நாள் ஆட்டமென்றால்
இரண்டாம் நாள் பெரியவர் படுத்துக்கொள்வார்,
அப்போது நிற்கிற துணை ஆளை எடுத்தேன்.

மைனஸ் நாற்பதில் கார் பாட்டரி செத்தது.
ஆறு உறைந்தது.
விர்க்குலா புதன்தோறும் ஆடினான்:
ஒரு ஷாட், ஒரு தடுப்பு, அரைப் புள்ளி.
அரைப் புள்ளி.
அரைப் புள்ளி.

மார்ச், இறுதி வாரம். எதிரே ஓரெஸ்ட்.
புதன் மாலை அவன் அணியைத் திறந்து பார்த்தேன்.
அன்று ஆட்டமுள்ள இரண்டு பேரும் பெஞ்சில்.
கட்டங்கள் காலி.
ஒருநாளும் மறக்காதவன்.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், அவனுடைய டிரக்.
கூரைமேல் நாலு விரல் பனி.
காலையிலிருந்தே நிற்கிறது.

நாலாம் மாடித் தாழ்வாரத்தில்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.
என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.
அந்த நேரத்தில் அந்த மாடிக்கு
எந்த டாக்டர் வருவார் என்று எனக்குத் தெரியும்.

வேறென்ன பேசுவது.
"உன் ஆளுங்க ரெண்டு பேரும் பெஞ்சில" என்றேன்.
போனை நீட்டினான். "நீயே போடு."

போட்டேன்.
இரண்டு பேரையும் இறக்கியும் ஒரு கட்டம் மிச்சம்.
காலிக் கட்டத்தைக் கண்டால்
என் கை சும்மா இருக்காது, தொழில் வியாதி.
எவனும் சீந்தாத ஒரு கால்கரிக்காரனைத் தேடிச் சேர்த்தேன்.
அவன் அன்றைக்கா இரண்டு கோல் அடிக்க வேண்டும்!
ஒன்றரைப் புள்ளியில் தோற்றேன்.

அதற்கு முன், கீழே வந்ததும்,
நாலாம் மாடி இரவு ஷிப்டுக்கு
டெல்ஃபினை மாற்றிப் போட்டேன்.
நட்சத்திரம் இல்லை அவள்.
கூப்பிட்டால் வருகிறவள்.

இந்தச் செப்டம்பரில்
பெரோகி கடையில் வாங்கியது.
வெங்காயம் பொன்னாக, பதமாக இருந்தது.
யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றிலேயே ஓரெஸ்ட் கையைத் தூக்கி
"விர்க்குலா" என்றான்.
மடையன், பதினொன்றுவரை கிடைத்திருப்பான்.
அதோடு இந்த வருஷம்
அந்த அணிக்குப் புதன்கிழமைகளே இல்லை,
அட்டவணை என் மடியில்தான் இருந்தது.

நான் இன்னொரு பெரோகியை எடுத்துக்கொண்டேன்.